பால்கனியில் ஒரு சால்டரிங் மேசை

போன மாசம் எங்க வீட்டில் ஒரு பஞ்சாயத்து. சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் சின்ன பால்கனி ஒன்று இருக்கிறது. பெங்களூரு ஃப்ளாட்டில் அதற்கு 'யுடிலிட்டி' என்று பெயர். அதில் நாலடிக்கு இரண்டடி மேசை ஒன்று போட்டு எலக்ட்ரானிக்ஸ் சாமான்களைப் பரப்பிக்கொள்ள வேண்டும் என்று நானும், இந்த வருஷம் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கும் என் பெண்ணும் மனு கொடுத்தோம். தங்கமணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "துணியை எங்க காயப்போடறது?" மூன்று நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு கொடி மேலே ஏறியது, மேசை கீழே வந்தது.

மேசை வந்ததும் பரண் மேலிருந்த தகர டிரங்குப் பெட்டியை இறக்கினேன். கும்பகோணத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த என் சித்தப்பா, நான் 1990ல் டிப்ளமோ முடித்து வேலைக்காக இந்த ஊருக்கு பஸ் ஏறியபோது கொடுத்து அனுப்பியது. உள்ளே 25 வாட் சால்டரிங் அயன், நோஸ் பிளையர், முள் ஆடும் பழைய மல்டிமீட்டர், பழுப்பேறிய தீப்பெட்டி அட்டைகள், ஒரு டப்பா நிறைய டிரான்சிஸ்டர், எல்லாவற்றுக்கும் அடியில் தாத்தா பெயரில் ஒரு ரேடியோ லைசென்ஸ் புத்தகம்.

"ரேடியோவுக்கு லைசென்ஸா? கார் மாதிரியா?" என்று சிரித்தாள் பெண். அப்புறம் இன்னொன்றும் கேட்டாள். "ஏம்பா, நான் பிறந்ததிலேர்ந்து இந்தப் பெட்டி பரண்லயே இருக்கு. நீங்க ஏன் ஒரு தடவைகூடத் திறக்கல?"

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவதுக்கு அன்றைக்கு மழுப்பிவிட்டேன். இந்தப் பதிவு இரண்டுக்கும் சேர்த்து. கொஞ்சம் நீளமான கொசுவத்தி, பொறுத்துக்கொள்ளுங்க.

முதலில் லைசென்ஸ். 1933ல் பிரிட்டிஷ் அரசு இந்திய கம்பியில்லாத் தந்திச் சட்டம் என்று ஒன்று போட்டது. 1934 ஜனவரி 1 முதல் அமல். அனுமதி இல்லாமல் வயர்லெஸ் கருவி எதையும் வைத்திருக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். ஒலிபரப்பினால் மட்டும் குற்றமில்லை, கேட்கும் பெட்டியை வீட்டில் வைத்திருந்தாலே குற்றம். அதனால்தான் தாத்தா மாதிரி ஆட்கள் வருஷா வருஷம் போஸ்ட் ஆபீசில் வரிசையில் நின்று பணம் கட்டி முத்திரை வாங்கினார்கள். சுதந்திரம் வந்தும் இது போகவில்லை. 1980களின் நடுவில்தான் ரேடியோ லைசென்ஸ் கட்டணம் ஒழிந்தது. அந்தச் சட்டத்துக்கு மாற்றாகப் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியதே 2023ல்தான்!

ஒருத்தன் வீட்டு மேசையில் நாலு கம்பியைச் சேர்ப்பதில் அரசாங்கத்துக்கு என்ன பயம்? காரணம் இருந்தது.

சட்டம் வருவதற்கு முன்னாலேயே நம் ஊரில் இந்த வேலை தொடங்கிவிட்டது. 1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவரும் நண்பர்களும் சேர்ந்து மதராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஆரம்பித்தார்கள். எழும்பூரில் ஹாலோவேஸ் கார்டன் என்ற இடம். அவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பாகங்களைக் கோத்து 40 வாட் டிரான்ஸ்மிட்டர் ஒன்றை எழுப்பி, 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பே நடத்திவிட்டார்கள். 40 வாட் என்றால் நம் வீட்டு டியூப்லைட் அளவு மின்சாரம், அவ்வளவுதான். 1927ல் காசில்லாமல் கிளப் மூடியது. கருவிகள் சென்னை மாநகராட்சி கைக்குப் போய், 1930 ஏப்ரலில் மாநகராட்சி வானொலியாக மறுபடி பேச ஆரம்பித்தன. ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயர் வருவதற்கு ஆறு வருஷம் முன்பு இது.

இது நல்ல பிள்ளைகளின் கதை. அரசு பயந்த கதை பம்பாயில் நடந்தது.

1939ல் போர் ஆரம்பித்ததும் அமெச்சூர் ரேடியோக்காரர்களின் உரிமங்களை ரத்து செய்து, டிரான்ஸ்மிட்டர்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். 1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம், தலைவர்கள் எல்லாரும் சிறையில், பத்திரிகைகளுக்குக் கடும் தணிக்கை. அந்த மாதம் 27ம் தேதி 42.34 மீட்டரில் ஒரு குரல், இந்தியாவில் எங்கிருந்தோ பேசும் காங்கிரஸ் ரேடியோ என்று சொல்லிக்கொண்டு வந்தது. பின்னால் இருந்தவர்களில் ஒருவர் உஷா மேத்தா. வயது 22. டிரான்ஸ்மிட்டரை வீடு வீடாக மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நவம்பர் 12 அன்று பிடிபட்டார்கள். கூட இருந்து கருவியைக் கட்டிக்கொடுத்த தொழில்நுட்பக்காரரே காட்டிக்கொடுத்தார் என்பது உஷா மேத்தா பிறகு சொன்னது. அவருக்கு நாலு வருஷம் சிறை.

அந்த வழக்கில் இன்னொரு குற்றவாளிக் கூண்டுப் பெயர் நானக் மோட்வானே. சிகாகோ ரேடியோ என்ற கம்பெனியை நடத்தியவர். பேரைப் பார்த்து அமெரிக்கக் கம்பெனி என்று நினைத்துவிடாதீங்க, சிந்துக் குடும்பம். காங்கிரஸ் மாநாடுகளில் காந்தியின் மெல்லிய குரலைக் கடைசி வரிசை வரை கொண்டுபோன ஒலிபெருக்கிகள் இவர்களுடையவை. பழைய போட்டோக்களில் மைக்கின் மேல் அந்தப் பெயரைப் பார்க்கலாம். வழக்கில் மோட்வானே விடுதலையானார். அதே குடும்பத்துக் கம்பெனிதான் பிற்பாடு நாசிக்கில் மல்டிமீட்டர் செய்து விற்றது. சித்தப்பா பெட்டியில் இருந்த முள் மீட்டரைத் திருப்பிப் பார்த்தேன். மோட்வானே! கடையில் பத்து வருஷம் கையில் பிடித்த சாமானுக்குப் பின்னால் இப்படி ஒரு வழக்கு இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா என்று தெரியாது. எனக்கே சமீபத்தில் படித்துத்தான் தெரியும்.

சரி, மேசைக்கு வருவோம்.

அந்தக் காலத்து மேசை வீட்டில் இருக்க வேண்டிய மேசை இல்லை. வால்வு ரேடியோவுக்குள் 200, 250 வோல்ட் டிசி ஓடும். சில மலிவு செட்டுகளில் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது, கரண்டின் ஒரு ஒயர் நேராக உள்ளே இருக்கும் தகரத் தட்டிலேயே சேர்ந்திருக்கும். பிளக்கைத் தலைகீழாகச் சொருகினால் தகரம் முழுக்க ஷாக். அதனால் கடையில் சித்தப்பா காலுக்கடியில் மரப்பலகை போட்டிருப்பார், ரப்பர் செருப்பைக் கழற்ற மாட்டார். "ஒரு கை உள்ள இருந்தா இன்னொரு கை பாக்கெட்ல இருக்கணும்டா" என்பார். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும் என்பதுதான் விஷயம். பக்கத்தில் ஒரு சீரிஸ் பல்பு. ரிப்பேருக்கு வந்த செட்டை நேராக பிளக்கில் சொருகாமல், 100 வாட் குண்டு பல்பு வழியாகக் கொடுப்பார். உள்ளே ஷார்ட் என்றால் பல்பு பளீரென்று எரியும், செட்டும் பிழைக்கும், தெரு ஃபியூசும் பிழைக்கும். கடைக்கு வருபவர்கள் ரேடியோவைப் பார்க்க மாட்டார்கள், பல்பைத்தான் பார்ப்பார்கள். மங்கினால் செலவு கம்மி :-)

இந்த மேசையை வீட்டுக்குள் கொண்டுவந்தது டிரான்சிஸ்டர். 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பிறந்த சமாச்சாரம். நம் நாட்டில் அது தயாரானது நான் இப்போது உட்கார்ந்திருக்கும் இதே ஊரில். 1954ல் ராணுவத்துக்காகத் தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸ், ஜாலஹள்ளியில் 1961ல் ரேடியோ வால்வும் 1962ல் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரும் செய்ய ஆரம்பித்தது. இறக்குமதிக்கு ஆயிரம் கட்டுப்பாடு இருந்த காலத்தில் கும்பகோணத்துக் கடை வரைக்கும் வந்து சேர்ந்தது பெல் டிரான்சிஸ்டர்தான். ஏசி 128, ஏசி 187, 188, அப்புறம் சிலிக்கான் வந்தபோது பிசி 148, பிஎஃப் 194. இந்த எண்கள் எனக்கு வாய்ப்பாட்டுக்கு முன்னாலேயே மனப்பாடம்.

250 வோல்ட் போய் 6 வோல்ட், 9 வோல்ட் வந்தது. தொட்டால் ஒன்றும் ஆகாது. பன்னிரண்டு வயசுப் பையன் கையில் தைரியமாகக் கொடுக்கலாம். 1969ல் டெல்லியிலிருந்து 'எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' பத்திரிகை வர ஆரம்பித்தது. ஊர் ஊருக்குப் பையன்கள் அதைப் பார்த்து காலிங் பெல், தண்ணித் தொட்டி அலாரம், ஓடும் விளக்கு என்று செய்து தள்ளினார்கள். 1972ல் வெளிவந்த 555 ஐசி இங்கே பரவியதும் கேட்கவே வேண்டாம், எல்லா வியாதிக்கும் ஒரே மாத்திரை மாதிரி ஆனது.

ஜெர்மேனியம் மட்டும் கொஞ்சம் கோபக்காரன். சிலிக்கான் 150 டிகிரி வரை தாங்கும், ஜெர்மேனியம் 80, 90 டிகிரியிலேயே படுத்துவிடும். அயன் முனையோ 300 டிகிரிக்கு மேல். அதனால் கால்களை ஒட்டக் கத்தரிக்காமல் நீளமாக விட்டு, நோஸ் பிளையரால் நடுவில் பிடித்துக்கொண்டு பற்ற வைக்க வேண்டும். சூட்டைப் பிளையர் குடித்துக்கொள்ளும். நான் முதல் நாளே இரண்டு ஏசி 128ஐக் கொன்றேன். சித்தப்பா திட்டவில்லை. செத்த இரண்டையும் ஒரு பாட்டிலில் போட்டு என் பெயரை எழுதி அலமாரியில் வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அவரிடம் நான் கற்றதில் உருப்படியானது தீப்பெட்டி விஷயம். ரெசிஸ்டர்கள் ஏன் 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்று விநோதமான எண்களில் வருகின்றன? அந்தக் கால ரெசிஸ்டரில் பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும். 10 ஓம் என்றால் 11 வரை போகலாம். அடுத்த 12 ஓம் என்பது 10.8 வரை இறங்கலாம். இப்படி ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது தொட்டுக்கொண்டால் நடுவில் இடைவெளி விழாது. ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சுமார் 1.2 மடங்கு. பன்னிரண்டு தாவினால் பத்து மடங்கு ஆகிவிடும், பிறகு 100, 120, 150 என்று அதே கதை. ஆக ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு தீப்பெட்டி, ஆறு வரிசை, மொத்தம் 72. ஒட்டி, அட்டை போட்டு, உள்பெட்டிக்கு ஒரு சட்டை பட்டன் தைத்தால் இழுப்பறை தயார். உலகத்தில் இருக்கிற எல்லா சாதாரண ரெசிஸ்டரும் ஒரு ஹார்லிக்ஸ் அட்டைப்பெட்டி அளவில் அடங்கிவிடும். இப்போது பிளாஸ்டிக்கில் அழகழகாகக் கிடைக்கிறது, ஆனால் அறைகள் 15, 24, 36 என்று யார் கணக்கோ. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டாக வாங்கினீங்கன்னா கை தானாகப் போகும், கண் தேட வேண்டாம்.

1990ல் இந்த 72 பெட்டியோடுதான் வந்து இறங்கினேன். விஜயநகர் பக்கம் மாடியில் ஒற்றை அறை. வீட்டுக்காரர் நல்ல மனிதர், அவர் வீட்டு டூ-இன்-ஒன்னை நான்தான் சரி செய்துகொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எஸ்.பி. ரோடு, சந்து சந்தாகச் சுற்றி ஒரு ரூபாய்க்கு நாலு என்று ரெசிஸ்டர் பொறுக்குவேன்.

1991 மே 21 ஸ்ரீபெரும்புதூர். அதன் பிறகு பத்திரிகையில் தினமும் ஒயர், ஸ்விட்ச், பேட்டரி என்றே செய்தி. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்த 19 வயதுப் பையன் இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக்கொடுத்தான் என்று கைதானான். பேரறிவாளன். எனக்கு அப்போது 21. அதே படிப்பு. என் மேசை மேலும் 9 வோல்ட் பேட்டரி மூன்று கிடந்தது. ஆகஸ்ட் 20 அன்று இந்த ஊரிலேயே கோணனகுண்டேயில் வாடகை வீடு ஒன்றைப் போலீஸ் சுற்றி வளைத்து, சிவராசனும் கூட இருந்தவர்களும் பிணமாகக் கிடந்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்காரர் மாடி ஏறி வந்தார். உட்காரக்கூட இல்லை. மேசையைப் பார்த்தார். பாதி முடித்த டைமர் போர்டு, தொங்கும் சிவப்பு கறுப்பு ஒயர்கள், பேட்டரி. "நீங்க ஒண்ணும் தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு ரெண்டு பொம்பளப் பசங்க" என்றார், அவருக்குத் தெரிந்த தமிழில். நான் விளக்க வாயெடுத்தேன். இது கொசு விரட்டி சார், தானாக அணையும் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அதுவே வினையாகும் போலத் தோன்றியது. பேட்டரியை என் கண் முன்னாலேயே கையில் எடுத்தவர், எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்ப மேசையிலேயே வைத்தார். அந்த வார இறுதியில் காலி செய்தேன். அட்வான்சை ஒரு பைசா குறைக்காமல் கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு மூடிய பெட்டிதான். டிசம்பரில் காவிரி இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்து, 12, 13 தேதிகளில் இங்கே தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது நண்பன் அறையில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். பெட்டியைத் திறக்க மனசு எங்கே வரும்? பிறகு வேலை, கல்யாணம், வீட்டுக் கடன். சாஃப்ட்வேர் பக்கம் மாறியதும் ஒரு சௌகரியம், கீபோர்டைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

பேரறிவாளன் கதை முடிந்தது 2022 மே 18 அன்று, உச்ச நீதிமன்றம் விடுவித்தபோது. எதற்கு என்று தெரியாமல்தான் பேட்டரி வாங்கினேன் என்று அவர் சொன்ன பகுதியை வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டேன் என்று, அதைப் பதிவு செய்த அதிகாரியே 2013ல் சொல்லியிருந்தார். வழக்கின் மற்ற நியாய அநியாயம் பேச எனக்குத் தகுதியில்லை. என் கண்ணில் நின்றது அந்த வயதும் படிப்பும்தான். இதை எல்லாம் பெண்ணிடம் சொன்னபோது அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த டைமர் போர்டு இருக்காப்பா?" என்றாள். இருந்தது. மூட்டை கட்டிய அவசரத்தில் ஒயர்களோடு அப்படியே சுருட்டி வைத்திருந்தேன்.

மேசை அமைத்த கதையையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் கேட்கலாம். மேசைக்கென்று தனி சுவிட்ச், அதன் முன்னால் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மேலே ஒரு ரப்பர் பாய். அயன் வலது கைப் பக்கம், அதன் ஒயர் மேசையின் பின்பக்கமாக வர வேண்டும், முன்னால் தொங்கினால் முழங்கை இழுத்துத் தொடையில் விழும் (தழும்பு என்னிடம் உண்டு). சூட்டைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டேஷன் இப்போது மலிவு, அதுவே வாங்கலாம். புகை ஈயத்தின் புகை இல்லை, உள்ளே இருக்கும் பிசின் புகை. ஆனாலும் மூச்சுக்குக் கெடுதல், பழைய கம்ப்யூட்டர் ஃபேனை வெளிப்பக்கம் ஊதும்படி வைத்திருக்கிறோம். ஈயம் கையில் ஒட்டும், அதனால் மேசையில் முறுக்கு, காபி கிடையாது, எழுந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஐரோப்பாவில் 2006லேயே பெரும்பாலான சாமான்களில் ஈயத்தைத் தடை செய்துவிட்டார்கள். ஈயமில்லாத கம்பி 217 டிகிரி வாக்கில்தான் உருகும், 63க்கு 37 கலவை 183லேயே உருகிவிடும். பழகுகிறவர்களுக்கு ஈயக் கம்பி சுலபம் என்பதால் கை கழுவும் சட்டத்தோடு அதையே வைத்துக்கொண்டோம்.

சாமானுக்கு எங்களுக்கு எஸ்.பி. ரோடு. மும்பைக்காரர்களுக்கு லாமிங்டன் ரோடு, டெல்லிக்காரர்களுக்குச் செங்கோட்டை எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட் (2022 ஜனவரியில் தீப்பிடித்ததே, அதேதான்), சென்னை போனால் ரிச்சி தெரு. ஆன்லைனில் எல்லாம் கிடைக்கும்தான். ஆனால் கடைக்காரர் உங்கள் சீட்டைப் பார்த்து "இது எதுக்கு?" என்று கேட்டு, வேறொன்றை எடுத்துக் கொடுப்பார் பாருங்க, அது ஆன்லைனில் இல்லை. அந்தக் கேள்வி இப்போது எனக்கு உறுத்துவதில்லை.

போன ஞாயிறு டிரான்சிஸ்டர் டப்பாவைக் கொட்டி ஒவ்வொன்றாகச் சோதித்தோம். டயோடு நிலையில் டிஜிட்டல் மீட்டரை வைத்தால் சிலிக்கான் 0.6 வாக்கில் காட்டும், ஜெர்மேனியம் 0.2, 0.3. பெண் ஒரு ஏசி 188ஐப் பிடித்து முனையை வைத்தாள். 0.21. மாற்றி வைத்தாள், ஒன்றும் இல்லை. மூன்றாவது காலிலும் அப்படியே. உயிரோடு இருக்கிறது!

பழைய தீப்பெட்டிகள் மட்டும் தொட்டதும் உதிர்ந்தன. எங்க வீட்டில் கேஸுக்கு லைட்டர், சாமிக்கும் லைட்டர். தீப்பெட்டியே இல்லை. அன்று சாயங்காலம் கடைக்குப் போன தங்கமணி காய்கறிப் பையிலிருந்து ஆறு பாக்கெட்டை எடுத்து மேசை மேல் வைத்தார். ஒரு பாக்கெட்டுக்குப் பத்து.

"எழுபத்திரண்டு வேணும்னீங்களே, இன்னும் பன்னெண்டு நாளைக்கு வாங்கிக்கோங்க" என்றார். குச்சிகளை எல்லாம் என்ன செய்வது என்று இப்போது பஞ்சாயத்து.